டார்ஜிலிங் டீயை ருசிப்பது எப்படி? கொல்கத்தா 'டேஸ்டர்'களிடம் கற்க வேண்டிய பாடம்

கொல்கத்தா போய் வந்த நண்பர் ஒரு பாக்கெட் டார்ஜிலிங் டீ தந்திருப்பார். நீங்களும் வழக்கம்போல பால், சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்திருப்பீர்கள். 'என்னங்க இது, வெந்நீர் மாதிரி இருக்கு' என்று தோன்றியிருக்கும். தப்பு டீயில் இல்லை, கொதிக்க வைத்ததில்தான்.

சிங்கிள் மால்ட் விஸ்கியின் ரசிகர்கள் அதை சோடாவில் மூழ்கடிக்க மாட்டார்கள். ஒரே டிஸ்டிலரியில் தயாரான அதன் மென்மையான மணத்தை முதலில் மூக்கால் தேடுவார்கள். ஒரே தோட்டத்தில் விளைந்த டார்ஜிலிங் டீயும் அந்த ரகம்தான். நிதானமாகக் கவனித்தால்தான் பிடிபடும்.

கொல்கத்தாவுக்கும் டீ ருசிக்கும் என்ன தொடர்பு?

1861 டிசம்பர் 27 அன்று கொல்கத்தாவில் தேயிலை ஏலம் தொடங்கியது. இந்தத் தொழிலின் பழைய பெயர் ஜே. தாமஸ் நிறுவனம். அதன் கட்டடம் 'நீல்ஹாட் ஹவுஸ்'. வங்காளத்தில் 'நீல்ஹாட்' என்றால் நீலச்சாயச் சந்தை. டீக்கு முன்பு அந்த நிறுவனம் ஏலம் விட்டது அவுரி நீலத்தை.

சுத்தியல் தட்டிக் கூவி ஏலம் விடும் முறையில் இருந்து டார்ஜிலிங் டீ 2016-ல் கணினிக்கு மாறியது. ஆனால், ருசி பார்க்கும் வேலை மட்டும் இன்னும் மனித நாக்கிடம்தான் இருக்கிறது. ஏலத்துக்கு முன்பு டேஸ்டர்கள் மாதிரிகளை ருசித்து மதிப்புப் போடுகிறார்கள். பிஸியான நாளில் ஒருவரே நூற்றுக்கணக்கான கப்களை ருசிப்பார்.

டேஸ்டர் என்ன செய்கிறார்?

சர்வதேசத் தர முறைப்படி 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் மூடி வைக்க வேண்டும். நாம் குடிப்பதற்கு இது ரொம்பவே கடுப்பு. குறைகள் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம்.

பிறகு, ஊறிய இலையை முகர்வார். வெள்ளைக் கிண்ணத்தில் சாற்றின் நிறத்தைப் பார்ப்பார். ஒரு ஸ்பூன் எடுத்து 'சர்'ரென்று உறிஞ்சுவார். வாயில் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுவார். அந்தச் சத்தம் நாகரிகக் குறைவு அல்ல. காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. நாக்குக்குத் தெரிவது துவர்ப்பு, கசப்பு, இனிப்பு போன்ற சில சுவைகளே. மற்றதெல்லாம் மூக்கின் வேலை.

சரி, வீட்டில் எப்படி?

200 மி.லி. தண்ணீருக்கு சுமார் 2.5 கிராம் இலை. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, ஒரு நிமிடம் ஆறவிட்டு இலை மீது ஊற்றி மூடுங்கள். 3 நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். பால் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். கொஞ்சம் சூடு தணிந்ததும் குடியுங்கள். நாக்கைச் சுடும் டீயில் எந்த மணமும் தெரியாது.

எந்தப் பருவத்து இலை என்பதையும் பாருங்கள்:

• முதல் பறிப்பு (மார்ச் - ஏப்ரல்): வெளிர் தங்க நிறம், பூ வாசம், லேசான பச்சை வாடை.

• இரண்டாம் பறிப்பு (மே - ஜூன்): செம்மஞ்சள் நிறம். கனிந்த திராட்சையை நினைவூட்டும் 'மஸ்கடெல்' மணம். சின்னஞ்சிறு தத்துப்பூச்சிகள் கடிக்கும்போது செடி தன்னைக் காக்கச் சுரக்கும் பொருட்களுக்கும் இந்த மணத்தில் பங்கு உண்டு.

• இலையுதிர்காலப் பறிப்பு (அக்டோபர் - நவம்பர்): செம்பு நிறம், மிருதுவான ருசி.

பாக்கெட்டில் 'எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி' என்று நீளமாக இருந்தால் மயங்க வேண்டாம். அது இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்லும் தரக்குறியீடு. ருசிக்கு உத்தரவாதம் இல்லை.

இது தெரிந்து நமக்கு என்ன லாபம்?

2004-ல் இந்தியாவின் முதல் புவிசார் குறியீட்டைப் பெற்றது டார்ஜிலிங் டீதான். 87 தோட்டங்களுக்கே அந்தப் பெயர் உரிமை. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 1 கோடி கிலோவுக்கு மேல் விளைந்த இடத்தில், இப்போது 70 லட்சம் கிலோகூட வருவதில்லை. 2017-ல் கூர்க்காலாந்து கோரிக்கைக்காக 104 நாள் முழு அடைப்பு நடந்தது. அந்த ஆண்டின் இரண்டாம் பறிப்பில் பெரும்பகுதி செடியிலேயே போனது. வாங்குவோர் பலர் எல்லைக்கு அந்தப் பக்கம், நேபாளத்தின் இலாம் மலைகளில் விளையும் டீக்குத் திரும்பினர்.

நேபாள டீ மோசம் என்று அர்த்தமில்லை. அது நல்ல டீ. ஆனால், விலை குறைந்த அந்த டீ 'டார்ஜிலிங்' என்ற பெயரில் விற்கப்படும்போது, காசு கொடுக்கும் நீங்களும் ஏமாறுகிறீர்கள், மலையில் கொழுந்து பறிக்கும் தொழிலாளியும் வேலையை இழக்கிறார். குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாத வரை இந்த வியாபாரம் ஓடும்.

எப்படிப் பழகுவது?

டேஸ்டர் ஒரு கப்பை மட்டும் தனியாக ருசிப்பதில்லை. வரிசையாக வைத்து ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவார். நீங்களும் அப்படியே செய்யலாம். தோட்டத்தின் பெயர், பறிப்புக் காலம், தேயிலை வாரியத்தின் டார்ஜிலிங் முத்திரை மூன்றும் உள்ள பாக்கெட்டாகப் பார்த்து 50 கிராம் வாங்குங்கள். பக்கத்தில் நம்ம நீலகிரி ஆர்தடாக்ஸ் டீ ஒரு கப். ஒரே அளவு, ஒரே நேரம். இரண்டையும் மாறி மாறி உறிஞ்சிப் பாருங்கள். முதல் நாள் 'ஏதோ வேற மாதிரி இருக்கு' என்றுதான் சொல்லத் தோன்றும். ஒரு வாரம் போனால், எப்படி வேறு என்று சொல்ல வார்த்தை தானாக வரும். அடுத்த முறை கடைக்காரர் நீட்டும் பாக்கெட்டை நம்புவதா வேண்டாமா என்பதை உங்கள் மூக்கே சொல்லும்.