ஸ்விலோவாவின் அலமாரி

ஒரு நிமிடத்துக்குள் முப்பது நாற்பது வெட்டுகளோடு ஓடி மறையும் துணுக்குப் படங்களைக் கைப்பேசியில் காணாதவர் இன்று அரிது. அவற்றை விரைந்து தொகுப்பது எப்படி என்று கற்பிக்கும் பாடங்களும் அதே கைப்பேசியில் வந்து குவிகின்றன. எந்தப் பொத்தானை அழுத்தினால் எது நடக்கும் என்பதற்கு மேல் அவை அதிகம் சொல்வதில்லை. ஆனால் அதிவேக வெட்டு இந்தக் கருவிகளோடு பிறந்ததன்று. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பு, கத்தரிக்கோலும் பசையும் மட்டுமே இருந்த அறைகளில் அது உச்சத்தைத் தொட்டுவிட்டது. அந்த அறைகளில் வேலை எப்படி நடந்தது என்று பார்ப்பது பழங்கதை கேட்கும் சுவைக்காக மட்டுமன்று.

சோவியத் ருஷ்யாவில் திரைத்துறை 1919 ஆகஸ்டில் அரசுடைமையானது. அப்போது அங்கே புதிய படச்சுருளுக்குக் கடும் பஞ்சம். லெவ் குலெஷோவ் தம் மாணவர்களுக்குச் சுருளே இல்லாமல் ‘படம்’ நடித்துக் காட்டப் பயிற்சியளித்தார் என்பதிலிருந்தே அந்தப் பஞ்சத்தை உணரலாம். புதிதாக எடுக்க வழியில்லாதபோது இருப்பதை வெட்டி ஒட்டத்தான் வேண்டும். மாண்டேஜ் என்ற பெரும் கோட்பாட்டின் பின்னே இந்த எளிய வறுமையும் இருந்தது என்பதைக் கோட்பாட்டாளர்கள் சற்றே குறைத்துச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எஸ்ஃபிர் ஷூப் இந்தப் பள்ளியில் உருவானவர். 1922 முதல் அவருடைய வேலை வெளிநாட்டுப் படங்களைச் சோவியத் திரைக்கேற்ப மறுதொகுப்புச் செய்வது. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘டாக்டர் மபூஸ’ படத்தை அவர் அவ்வாறு பிரித்துக் கோத்தபோது, அருகே அமர்ந்து தொழில் கற்றவர் ஐசன்ஸ்டைன். ‘ரொமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி’ (1927) படத்துக்காக ஷூப் லெனின்கிராடின் கிடங்குகளில் இரண்டு மாதங்கள் செலவிட்டு, சுமார் 60,000 மீட்டர் பழைய சுருள்களைப் பார்த்தார். அவற்றுள் ஜாரின் குடும்பத்தார் தமக்கென்று எடுத்து வைத்துக்கொண்ட காட்சிகளும் இருந்தன. கப்பல் தளத்தில் நடனமாடிய சீமாட்டிகள் வியர்வையை ஒற்றிக்கொள்கிறார்கள். அடுத்த துண்டில் குடியானவர்கள் வியர்க்க வியர்க்க மண் வெட்டுகிறார்கள்.  அரண்மனையின் நினைவுப்படம் அரண்மனைக்கு எதிரான சாட்சியமாயிற்று. இது திறமை, அதே சமயம் அச்சமூட்டும் திறமையும்கூட.

ஷூப் காட்சியை நிதானமாகப் பார்க்கவிட்டவர். வேகம் என்றால் ஜிகா வெர்டோவின் ‘திரைப்படக் கருவியோடு ஒரு மனிதன்’ (1929) படத்துக்கே போக வேண்டும். ஒடேஸா, கீயவ், மாஸ்கோ ஆகிய நகரங்களில் எடுத்த காட்சிகளைக் கலந்து ஒரே நகரத்தின் ஒரு நாளாக ஆக்கிய படம் அது. சுமார் 68 நிமிடங்களில் 1,700க்கும் மேற்பட்ட துண்டுகள். இறுதிப் பகுதியில் ஓரிரு சட்டகங்களே நீளும் துண்டுகள் கண்ணைத் தாக்கிச் செல்கின்றன. அவற்றினிடையே ஒரு பெண்ணின் கண்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவை எலிசவேத்தா ஸ்விலோவாவின் கண்கள். படத்தின் தொகுப்பாளர், வெர்டோவின் மனைவி. 1900இல் பிறந்து, பதின்பருவத்திலேயே பாத்தே நிறுவனத்தின் மாஸ்கோ கிளையில் வெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தவர்.

படத்தின் நடுவே ஓரிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குதிரைவண்டி சட்டென உறைகிறது. தொடர்ந்து சில முகங்களும் உறைந்து நிற்கின்றன. பிறகு அம்முகங்கள் ஒரு சுருளின் சட்டகங்களாகத் தெரிகின்றன. ஸ்விலோவா அடியிலிருந்து ஒளி பரவும் மேசையில் குனிந்து அவற்றைப் பார்க்கிறார், வெட்டுகிறார், ஒட்டுகிறார். அவர் அருகே ஓர் அலமாரி. சுருட்டி வைத்த சிறு துண்டுகள் வரிசை வரிசையாக. ஒவ்வொரு தட்டிலும் ‘இயந்திரங்கள்’, ‘சந்தை’ என்பது போன்ற பெயர்ச்சீட்டுகள். 1,700 துண்டுகளைக் கோக்க முடிந்ததன் மர்மம் முழுவதும் அந்தச் சீட்டுகளில் அடங்கியிருக்கிறது. கத்தரி எடுக்கும் நேரம் நொடிக்கணக்கு. வேண்டிய துண்டு எங்கே என்று தேடும் நேரந்தான் நாள்களைத் தின்பது. கைப்பேசியில் பெயரற்ற நூறு பதிவுகளை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1989க்குப் பிறகு கணினியில் படம் தொகுக்க வந்த அவிட் போன்ற மென்பொருள்கள், துண்டுகளை இட்டு வைக்கும் இடத்துக்குப் ‘பின்’ என்றே பெயரிட்டன. பழைய வெட்டறைகளில் துண்டுகளைத் தொங்கவிட்ட துணித்தொட்டியின் பெயர் அது. தொட்டி போன பின்னும் பெயர் இருக்கிறது.

ஆனால் அந்தச் சீட்டுகளில் எழுதியிருப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. ‘இயந்திரங்கள்’ என்றால் எந்த ஆலையின் இயந்திரங்கள்? எந்த நாள்? விக்தர் ஷ்க்லோவ்ஸ்கி 1926லேயே வெர்டோவை இதற்காகக் கடிந்து எழுதினார். இடமும் நாளும் சுட்டாத செய்திப்படத் துண்டு தன் ஆவண மதிப்பை இழந்துவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். பொருள்வாரியாக அடுக்கினால் வேலை விரையும். கீயவின் தெரு மாஸ்கோவின் தெருவாகிவிடும். வெர்டோவுக்கு அது குறையன்று, எங்கும் இல்லாத நகரத்தைப் படைப்பதே அவர் நோக்கம். கலைப்படத்தில் எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் ஒரு கலவரத்தின் துண்டு வேறோர் ஊரின், வேறோர் ஆண்டின் கலவரமாகக் கைப்பேசியில் சுற்றி வரும்போது ஷ்க்லோவ்ஸ்கியின் பக்கமே நிற்கத் தோன்றுகிறது. சீட்டில் பொருளோடு ஊரும் தேதியும் எழுத அரை நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்தப் படத்தின் தொடக்க எழுத்துகளில் வெர்டோவ் பரிசோதனையின் ஆசிரியரும் வழிநடத்துநரும். அவர் தம்பி மிகயீல் காஃப்மன் தலைமை ஒளிப்பதிவாளர். ஸ்விலோவா? தொகுப்பு ‘உதவியாளர்’. திரைப்படத்தில் வெட்டி ஒட்டும் வேலை நெடுங்காலம் தையல் வேலை போலப் பெண்களின் கைவேலையாக எண்ணப்பட்டது. பொறுமை வேண்டும், கூலி குறைவு, பெயர் தேவையில்லை. மற்ற நாடுகளின் வெட்டறைகளிலும் பெரிய வேறுபாடு இருந்ததாகச் சொல்ல முடியாது.

வெர்டோவ் 1954இல் இறந்தார். அதற்கு முன்பே பல ஆண்டுகளாக அவருக்குப் பெரிய வாய்ப்புகள் இல்லை. ஸ்விலோவா திரைத்தொழிலை விட்டு விலகி, கணவரின் குறிப்பேடுகளையும் கடிதங்களையும் படங்களையும் சேர்த்து வகைப்படுத்தும் வேலையில் இறங்கினார். 1975இல் தாம் இறக்கும்வரை அதையே செய்தார். அவர் கொடுத்தவற்றில் ஒரு பகுதி வியன்னாவில் உள்ள ஆஸ்திரியத் திரைப்பட அருங்காட்சியகத்தில் ‘வெர்டோவ் தொகுப்பு’ என்ற பெயரில் இருக்கிறது.