யவனர் தேறலும் விளைப் பனையும்

நாசிக்குக்குச் சென்று திரும்பிய நண்பர் ஒருவர் எங்கள் வாராந்திர இலக்கியச் சந்திப்பில் தம் பயண அனுபவத்தை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு திராட்சைத் தோட்டம் தோட்டமாக அழைத்துச் செல்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் சிறு கண்ணாடிக் கோப்பையில் ஒயின் ஊற்றிக் கொடுத்து, எந்த மண், எந்தக் கொடி, எத்தனை மாதம் மரப்பீப்பாயில் இருந்தது என்று விளக்குகிறார்கள். சூலா நிறுவனம் தன் முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2000ஆம் ஆண்டில்தான். அதற்குள் அங்கே அது ஒரு யாத்திரை ஆகிவிட்டது. நண்பர் கடைசியாகக் கேட்டார்: "நம் குமரிக் கடற்கரையைவிட அழகான இடம் எங்கே இருக்கிறது? இங்கே ஏன் அப்படி ஒரு சுற்றுலா இல்லை?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரித்து விட்டுவிட முடியவில்லை. வரும் சனிக்கிழமை நாமே அப்படி ஒன்று போவோம், குடிப்பதற்கு ஏதும் இராது, மதுவின் கதை மட்டும் இருக்கும் என்றேன். ஏழு பேர் ஒத்துக்கொண்டார்கள். கன்னியாகுமரியில் தொடங்கி மணக்குடி, இராஜாக்கமங்கலம் வழியாக மேற்கே முட்டம் வரை செல்வதென்று முடிவாயிற்று. அந்த ஒருநாள் பயணத்தில் நண்பர்களிடம் சொன்னவற்றையும், சொல்லத் தயங்கிய ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

குமரி முனையில் நின்று முதலில் பேசியது பெரிப்ளூஸ் பற்றி. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பெயர் தெரியாத கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய வணிகக் கையேடு அது. குமரியை அவன் அறிந்திருந்தான். அங்கே துறை ஒன்று உண்டு, துறவு பூண்டோர் வந்து நீராடித் தங்குவார்கள் என்று எழுதியிருக்கிறான். அதற்குச் சற்று முன்பாக முசிறியிலும் நெல்கிந்தாவிலும் இறக்குமதியாகும் பொருள்களின் பட்டியல் வருகிறது. நாணயம், மெல்லிய துணி, பவளம், கண்ணாடி, செம்பு, தகரம், ஈயம் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒயினும் உண்டு. அதிகம் இல்லை என்று ஒரு குறிப்பையும் சேர்க்கிறான். பரிகாசா எனப்பட்ட பரூச் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே இத்தாலிய ஒயினுக்கே முதலிடம் என்கிறான். ஆக, எது உயர்ந்த சரக்கு என்ற தரம்பிரித்தல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் கரைகளில் இருந்திருக்கிறது.

அந்த ஒயின் வந்த கலம் ஆம்ஃபோரா. இரண்டு கைப்பிடிகளும் கூர்த்த அடிப்பகுதியும் கொண்ட மண்சாடி. கப்பலின் வயிற்றில் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதற்காக அப்படி ஒரு வடிவம். 1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது இச்சாடிகளின் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அழகன்குளத்திலும், 2007 முதல் கேரளத்தின் பட்டணத்தில் நடந்த அகழாய்விலும் கிடைத்தன. அரிக்கமேட்டுச் சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் கணிசமானவை கிரேக்கத்தின் கோஸ் தீவு ஒயினுக்குரிய வகை என்று கண்டார். கோஸ் ஒயினுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதில் கடல்நீர் கலப்பார்கள். ரோமானிய எழுத்தாளர் கேட்டோ தம் வேளாண் நூலில் அதன் செய்முறையையே எழுதிவைத்திருக்கிறார். உப்புக் கரிக்கும் அந்த மதுவைத்தான் நம் துறைமுகங்களில் மிளகு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

இலக்கியம் படித்தவர்களுக்கு அடுத்து நினைவுக்கு வருவது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துவது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் உண்டு மகிழ்ந்திருப்பாயாக என்கிறார் புலவர். பதினெட்டு ஆண்டுகளாக இப்பாட்டை வகுப்பில் நடத்திவருகிறேன். தமிழனின் கடல் வணிகத்துக்குச் சான்று என்று குரலை உயர்த்திச் சொல்லும் இடம் அது. மாணவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதே தொகுப்பில் இன்னொரு மது உண்டு. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய 235ஆம் பாட்டில் வருவது. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாடத் தானும் சேர்ந்து உண்பான் என்று அழுகிறார் ஔவை. அங்கே பொற்கிண்ணமும் இல்லை, ஏந்தும் மகளிரும் இல்லை. பகிர்தல் மட்டும் இருக்கிறது. கள், நறவு, மட்டு, பிழி, தோப்பி, தேறல் என்று எத்தனை பெயர்களால் நம் முன்னோர் அதை அழைத்தார்கள்! ஆனால் பட்டினப்பாலைக்கு வரும்போதே காற்று மாறிவிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வ மகளிர் இரவில் பட்டை நீக்கித் துகில் உடுப்பதையும், மட்டு என்ற கள்ளை விலக்கி மது என்ற வேறொன்றை அருந்துவதையும் உருத்திரங்கண்ணனார் ஒரே மூச்சில் சொல்கிறார். உடை மாற்றுவதுபோல் பானத்தையும் மாற்றுகிறார்கள். அந்த மது யவனருடையதா என்று பாட்டு சொல்லவில்லை. மட்டு என்பது விலக்கத்தக்கதாகிவிட்டது என்று மட்டும் சொல்கிறது.

குமரியிலிருந்து மேற்கே புறப்பட்டபோது வடக்கில் மருத்துவாழ் மலை தெரிந்தது. நாராயண குரு தவம் செய்த மலை. பனையும் தென்னையும் ஏறிக் கள்ளிறக்கிய சமூகத்தில் பிறந்தவர், 1920களின் தொடக்கத்தில் தம் மக்களுக்குச் சொன்னது: கள் இறக்காதே, கொடுக்காதே, குடிக்காதே. இந்தச் சொல்லை வெறும் ஒழுக்க உபதேசமாகப் படித்தால் அதன் வலி புரியாது. தொழிலோடு ஒட்டிய இழிவிலிருந்து மனிதனை மீட்க, தொழிலையே விடச் சொல்ல நேர்ந்த துயரம் அது.

அந்த இழிவுக்கு விலைச்சீட்டு இருந்ததற்குச் செப்பேடே சான்று. வேணாட்டு அய்யனடிகள் கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறித்தவத் தேவாலயத்துக்கு வழங்கிய கொடை, வட்டெழுத்தில், அக்காலத் தமிழில் பொறிக்கப்பட்டது. தேவாலயத்துக்கு நிலத்தோடு ஈழவர் குடும்பங்களையும் கொடுத்து, அவர்கள் செலுத்திவந்த வரிகளை நீக்குகிறது அது. நீக்கிய வரிகளின் பெயர்களைக் கவனியுங்கள்: ஏணிக்காணம், தளைக்காணம். மரத்தில் சாத்தும் ஏணிக்கு ஒரு வரி, காலில் மாட்டும் தளைக்கு ஒரு வரி. யவனச் சாடியை ஏந்திய பொற்கிண்ணத்துக்குப் பாட்டு கிடைத்தது, பனையேறியின் கால் கயிற்றுக்கு வரி கிடைத்தது.

முட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. 'அலைகள் ஓய்வதில்லை'யிலும் 'கடலோரக் கவிதைக'ளிலும் தமிழகமே பார்த்த பாறைகள், செம்மண் மேடு, கலங்கரை விளக்கம். தேவாலயத்தின் நிழலில் சற்று அமர்ந்தோம். பிரான்சிஸ் சேவியர் 1544இன் இறுதியில் இந்தத் திருவிதாங்கூர்க் கரையோரமாக ஊர் ஊராக நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதினார். கிழக்கே முத்துக்குளித்துறையில் சாராயம் குடிக்கும் பெண்களைத் தண்டிக்க உத்தரவிட்டதும் அவர் கடிதங்களில் உண்டு. பலிபீடத்தில் அவர் கையில் ஏந்தியதும் மதுதான். அது திராட்சையினுடையது, அவ்வளவே.

இந்த வேறுபாடு 1599இல் உதயம்பேரூர்ச் சங்கத்தில் சட்டமாகவே ஆனது. கேரளத்து மார்தோமா கிறித்தவர்கள் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பூசைக்குப் பயன்படுத்திவந்தார்கள். கொடி வளராத நாட்டில் வேறு என்ன செய்வார்கள்? அது போதாது, போர்ச்சுகலிலிருந்து வரும் ஒயினே வேண்டும் என்று சங்கம் விதித்தது. மறுபடியும் கப்பலில் வருவதற்கே மதிப்பு. இன்றும் திருச்சபைச் சட்டப்படி பூசை மது திராட்சைக் கனியின் இயற்கை மதுவாகவே இருக்க வேண்டும். அதற்கெனத் தமிழ்நாடு அரசு 1984இல் தனி விதிகளையே வகுத்திருக்கிறது. சட்டத்தின் பக்கங்களில் திராட்சைக்கு ஒரு வாசல் திறந்தே இருக்கிறது.

பனைக்கு அந்த வாசல் இல்லை. 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது, பின்பு இறுகியது, மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரியில் கள்ளும் சாராயமும் சேர்த்துத் தடை செய்யப்பட்டன. 2003இல் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. கள்ளில் இருக்கும் சாராயம் சுமார் 5 விழுக்காடு. அரசு விற்கும் பிராந்தியில் 42.8 விழுக்காடு. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. எல்லைக்கு அந்தப்புறம் தொழில், இந்தப்புறம் குற்றம்.

மாலையில் முட்டத்துக்கு வடக்கே ஒரு விளையில் முதியவர் ஒருவரைக் கண்டோம். முன்பு பனையேறியவர். இப்போது முழங்கால் விடவில்லை. சுவரில் மாட்டியிருந்த பாளை அரிவாளை எடுத்துக் காட்டினார். பாளையை நசுக்கி, நாள்தோறும் நுனியை மெல்லியதாகச் சீவிவிட்டால் சொட்டும். காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒரு நாள் தவறினால் பாளை அடைத்துக்கொள்ளும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் அக்கானியாக இறங்கும், அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. தடவாவிட்டால் சில மணி நேரத்தில் தானே நுரைத்துக் கள்ளாகும்.

"மரம் ஒண்ணு, பாளை ஒண்ணு, ஏறுகவனும் ஒருத்தன்தான் சார். சுண்ணாம்பு இருந்தா தொழிலாளி, இல்லைன்னா குற்றவாளி" என்றார்.

நாசிக் நண்பர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அங்கே நான் சொல்லத் தயங்கியது இதுதான். என் தாயின் தந்தை பனையேறி. 1987இல் எனக்கு ஏழு வயது. தாத்தாவின் மார்பில் கருங்காய்ச்சல் போல் மரம் உராய்ந்த தடிப்பு இருக்கும், அதில் விரல் வைத்து விளையாடியிருக்கிறேன். அந்த ஆண்டில் ஒருமுறை அவரைக் காவல்நிலையத்தில் ஓரிரவு உட்காரவைத்தார்கள். அதன்பின் அவர் மரம் ஏறவில்லை. கலயங்களை அம்மா தோட்டத்தின் மூலையில் புதைத்தாள். நான் கல்லூரியில் சேர்ந்தபோது தாத்தாவின் தொழிலைக் கேட்டால் விவசாயம் என்று சொல்லச் சொன்னாள். அப்படியே சொன்னேன். ஆசிரியரான பிறகும் அப்படியே சொல்லிவந்தேன். யவனர் தேறலைப் பெருமையாக நடத்திய அதே வாயால்.

கள்ளைப் புனிதமாக்கும் எண்ணம் எனக்கில்லை. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். குடியால் சிதைந்த வீடுகளைக் கடற்கரையிலும் விளைகளிலும் பார்த்தவன்தான் நான். தாத்தாவே சில இரவுகளில் பாட்டியை அடித்திருக்கிறார், அதையும் மறைக்க விரும்பவில்லை. குருவின் சொல்லுக்கு இன்றும் பொருள் இருக்கிறது. மதுவே வேண்டாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கப்பலிலும் ஆலையிலும் வருவது நாகரிகம், மரத்தில் இறங்குவது குற்றம் என்று சொல்லும் கணக்கோடுதான் சண்டை. அந்தக் கணக்கில் பானத்தோடு சேர்த்து அதை இறக்கியவனும் தள்ளுபடி ஆகிவிடுகிறான்.

அன்று சூரியன் கடலில் இறங்கும்வரை முட்டம் பாறைமேல் இருந்தோம். முதியவர் தந்தனுப்பிய கருப்பட்டித் துண்டுகளை ஆளுக்கொன்றாக வாயில் போட்டுக்கொண்டோம். இங்கே அப்படி ஒரு சுற்றுலா தொடங்கினால் எங்கிருந்து தொடங்குவாய் என்று நண்பர் கேட்டார். அந்த விளையிலிருந்து என்றேன். பிறகு தாத்தாவைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். அம்மாவையும் மனைவியையும் தவிர வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

இந்தப் பருவத்தில் 56ஆம் பாட்டை நடத்தியபோது, உடனே 235ஐயும் எடுத்துக்கொண்டேன். ஏணிக்காணம், தளைக்காணம் என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதி, என் தாத்தாவின் தொழிலைச் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. மணி அடித்த பிறகு, கடைசி வரிசை மாணவன் ஒருவன் மேசையருகே வந்து நின்றான். "எங்க அப்பா இப்பவும் ஏறுகாவ சார், அக்கானிக்கு" என்றான். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னான். அந்த ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.