காற்றில் ஒரு பாதை – 7: பதிமூன்றாவது ஆள்

சென்ற வாரம் ஹவாய்த் தீவுகளில் நிறுத்தியிருந்தோம். 1971இல் நார்மன் ஏப்ராம்சனும் அவருடைய சகாக்களும் தீவுகளில் கிடந்த கணினி முனையங்களை வானொலி அலையில் பேசவைத்துவிட்டார்கள். யாருக்கும் தனி வழி ஒதுக்கவில்லை. அனுப்ப வேண்டியதை அனுப்பு, இன்னொருவருடையதோடு மோதிக்கொண்டால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு. அலோஹா வலையமைப்பின் சட்டம் அவ்வளவுதான். கணினி மனிதனைப் போல இழுத்துப் பேசாது, திடீரென்று கொட்டிவிட்டு வெகுநேரம் மௌனமாக இருக்கும் என்பதை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த உண்மையைத் தொலைபேசி உலகம் கால் நூற்றாண்டு ஒதுக்கியே வைத்திருந்தது. அதன் விலையை நம் ஊர்கள் எப்படிக் கொடுத்தன என்று பார்க்க, இந்த வாரம் கழக்கூட்டத்துக்குப் போகலாம்.

நாகர்கோவிலில் காலை ரயிலைப் பிடிக்கும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்று கழக்கூட்டம் என்றால் டெக்னோபார்க்தான். திருவனந்தபுரத்தின் வடக்கு விளிம்பில், தும்பா ராக்கெட் தளத்துக்குப் பக்கத்தில் இருந்த குன்றும் தோப்புமான நிலம் அது. 1990இல் அங்கே இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவை நிறுவியது கேரள அரசு. கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரானை வளர்த்தெடுத்த கே.பி.பி. நம்பியார் முன்னின்றார். ஜி. விஜயராகவன் முதல் தலைமை நிர்வாகியானார். 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியிருந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை என்று நான்கு பெருநகரங்களில் தொடக்கம். மென்பொருள் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் பணம் கட்டிக் குத்தகை இணைப்பு எடுத்துக்கொள்ளலாம். பூங்காவின் மதிலைத் தாண்டி நாலு தெரு நடந்தால் கதை வேறு. தொலைபேசிக்கு மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. நூறு இந்தியர்களுக்கு ஒன்றரைத் தொலைபேசிகூட இல்லை. அவசரமென்றால் எஸ்.டி.டி. பூத். வீட்டில் போன் இல்லாதவனுக்கு இணையமும் இல்லை, ஏனென்றால் இணையம் போன் கம்பி வழியாகத்தான் வீட்டுக்குள் வர வேண்டியிருந்தது.

போன் வைத்திருந்தவர்களுக்கும் சிக்கல் இருந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் என்ற டேனிஷ் கணிதர் 1909 முதல் போட்டுவைத்த கணக்கின் மேல்தான் உலகத்தின் எக்ஸ்சேஞ்சுகள் அத்தனையும் நின்றன. பரபரப்பான ஒரு மணி நேரத்தில் ஒரு வீடு சராசரியாக ஆறு நிமிடம் பேசும். ஆக நூறு வீடுகளுக்கு நூறு வழி தேவையில்லை, இருபதுக்குள் இருந்தால் போதும். கல்யாணப் பந்தி மாதிரிதான்: ஆயிரம் பேருக்கு ஆயிரம் இலை ஒரே நேரத்தில் போடுவதில்லை, சாப்பிட்டவர்கள் எழுந்ததும் அடுத்தவர்கள் உட்காருவார்கள். டயல்-அப் இணையம் வந்ததும் சாப்பிட்டு முடித்தவர் எழவே இல்லை. மோடம் கீச்சிட்டு இணைப்புக் கிடைத்ததும் ஒரு பக்கம் வந்து இறங்குகிறது. அதை ஐந்து நிமிடம் படிக்கிறார். அந்த ஐந்து நிமிடமும் கம்பியில் ஒன்றுமே ஓடவில்லை, ஆனால் எக்ஸ்சேஞ்சின் ஒரு வழி அவர் பிடியில். அரை மணி, ஒரு மணி என்று இது நீளும். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களே 1996வாக்கில் எங்கள் எக்ஸ்சேஞ்சுகள் திணறுகின்றன என்று அரசின் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் முறையிட்டன. அவ்வளவு கம்பி இருந்த நாட்டின் நிலையே அது.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு முழு அமைப்பையே வடிவமைத்துக் காட்டியவர்கள் சென்னை கிண்டியில், ஐ.ஐ.டி. வளாகத்து மரங்களுக்கு நடுவே இருந்தார்கள். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, திமோத்தி கொன்சால்வெஸ். அவர்கள் குழுவின் பெயர் டெநெட். அலைக்கற்றை ஆய்வு பிறகு, முதலில் கூட்டல் கழித்தல் என்று உட்கார்ந்ததுதான் அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்தது என்பேன். ஒரு புதிய தொலைபேசி இணைப்பைக் கொடுக்க அன்று 30,000 ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. வட்டி, பராமரிப்பு, தேய்மானம் எல்லாம் சேர்த்து அதை மாத வாடகையாக வசூலித்தால் நூற்றில் இரண்டு மூன்று குடும்பங்களால்தான் கட்ட முடியும். அதையே 10,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தால் பாதி நாட்டுக்குக் கொண்டுபோகலாம். செலவின் பெரும்பங்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை மண்ணுக்குள் புதைக்கும் செம்புக் கம்பியில் கிடந்தது. அதைத் தூக்கிவிட்டுக் காற்றில் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மிடாஸ் நிறுவனம் தயாரிப்பில் இறங்கியது. அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் சில்லுகளுக்குக் கைகொடுத்தது. பிறந்தது கார்டெக்ட்.

அந்தப் பெட்டிகளைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். வீட்டுச் சுவரில் ஒரு வால்செட். அதில் இரண்டு துளைகள்: ஒன்றில் சாதாரண போனைச் செருகலாம், மற்றதில் கணினியை. மோடம் வேண்டாம். கூரையில் ஒரு சிறு ஆன்டெனா, அதன் முகம் சில கிலோமீட்டர் தள்ளிக் கோபுரத்தில் தொங்கும் அடிநிலையத்தைப் பார்த்திருக்கும். நேர்ப்பார்வை இருந்தால் 10 கி.மீ., அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு நிலையத்தை இடையில் வைத்தால் 25 கி.மீ. கோபுரத்துப் பெட்டிக்கு மின்சாரமும் செய்தியும் ஒரே செம்பு இணைகளில் ஏறும். அடிநிலையங்களை எக்ஸ்சேஞ்சோடு இணைக்கும் மையக் கருவிக்கு ஏ.சி. அறை தேவையில்லை. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத நம் சிற்றூர்களை மனத்தில் வைத்துச் செய்த வேலை இது. வெளிநாட்டிலிருந்து இறக்கிய கருவி எதுவும் நம் ஊரின் மே மாத வெயிலை நினைத்துச் செய்யப்பட்டதல்ல.

எல்லாவற்றையும் விட முக்கியமான முடிவு மையக் கருவிக்குள் இருந்தது. காற்றில் வந்து சேரும் அழைப்பு பேச்சா, இணையமா என்று அது பிரித்துப் பார்க்கும். பேச்சென்றால் எக்ஸ்சேஞ்சுக்கு. இணையமென்றால் எக்ஸ்சேஞ்சின் நிழலே படாமல் நேராக இணையச் சேவையாளரின் கணினிக்கு. பந்தியில் எழாமல் உட்கார்ந்திருந்தவருக்குத் தனிக் கூடமே கட்டிவிட்டார்கள். 35 கிலோபிட் வேகத்தில் இணையம் ஓடும்போதே அதே வீட்டில் ஒருவர் போனில் பேசலாம். பேச்சில்லாத நேரத்தில் வேகம் 70. இன்றைய கண்ணுக்கு அற்பமாகத் தெரியும். நகரத்து மோடத்தில் 28 கிலோபிட் கிடைத்தாலே பெரிது என்றிருந்த நாளில், கம்பியே போகாத கிராமத்துக்கு இது கிடைத்தது.

2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் கிராமத்து இணைய மையங்கள் திறந்தன. ஐ.ஐ.டி.யிலிருந்து பிறந்த என்-லாக் நிறுவனம் அமைக்க, எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்திருந்தார்கள். கணினி, வால்செட், ஆன்டெனா, தமிழ் மென்பொருள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ அரை லட்ச ரூபாய் முதலீடு. உள்ளூர்க்காரர்களே கடன் வாங்கி நடத்தினார்கள், அவர்களில் பெண்கள் பலர். கண் மங்கலென்று வந்த பாட்டியின் கண்ணை வெப்கேமராவில் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு அறுவைக்கு வரலாமா, சொட்டு மருந்து போதுமா என்று பதில் எழுதினார். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் மிச்சமாயின.

இதுவரை எல்லாம் வெற்றிக் கதைதான். ஆனால் கார்டெக்டின் பெயரிலேயே அதன் பூர்வீகம் இருக்கிறது. டெக்ட் என்பது ஐரோப்பா வீட்டுக்குள் கம்பியில்லாப் போனுக்காக வகுத்த தரம். அதாவது பேச்சுக்காக. அதில் ஒரு நொடி நூறு சட்டகங்களாக உடைகிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் 24 அறைகள்: 12 போவதற்கு, 12 வருவதற்கு. ஆகவே ஒரு அடிநிலையப் பெட்டியில் ஒரே நேரத்தில் 12 பேர். இணையத்தில் நுழைந்தவர் வெளியேறும்வரை தன் அறையை விடுவதில்லை, படித்துக்கொண்டு சும்மா இருந்தாலும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மையக் கருவிக்கு 20 அடிநிலையங்கள், 1,000 வாடிக்கையாளர்கள். வழிகள் மொத்தம் 240. எல்லாரும் பேசத்தான் செய்வார்கள் என்றால் எர்லாங் கணக்குப்படி நூறு நூற்றைம்பது வழி போதும், மீதி உபரி. ஆனால் நாலில் ஒருவர் மாலையில் இணையத்தில் உட்கார்ந்தால் 240 வழியும் தீர்ந்தது. பதிமூன்றாவது ஆள் கோபுரத்தடியில் நிற்பார். எக்ஸ்சேஞ்சில் அவிழ்த்த முடிச்சு காற்றில் மறுபடி விழுந்துவிட்டது. ஹவாயில் 1971இலேயே கண்ட உண்மை, அறை ஒதுக்காதே என்ற அந்த உண்மை, இங்கே பாதி தூரம்தான் வந்திருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பேச்சுக்குச் சில்லு மலிவாகக் கிடைத்த காலத்தில், 10,000 ரூபாய்க்குள் முடிக்க வேறு வழி இல்லை. அந்தத் துணிவான சமரசம் இல்லையென்றால் மேலூருக்கு அன்று ஒரு கிலோபிட்கூட வந்திருக்காது.

கிராமத்துக்கு ஒரு மையம் என்றிருந்தவரை பதிமூன்றாவது ஆள் வரவில்லை. அவர் கூட்டமாக வருவதற்கான ஏற்பாடு கேரளத்தில் நடந்தது. 2002 நவம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அட்சயா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் மலப்புரம் மாவட்டம். ஆயிரம் குடும்பங்களுக்கு ஒரு கணினி மையம், எந்த வீட்டிலிருந்தும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள். வீட்டுக்கு ஒருவராவது கணினி கற்க வேண்டும். ஒவ்வொரு மையத்திலும் பல கணினிகள், எல்லாம் ஒரே நேரத்தில் இணையத்தில். நடுவே மலையும் தென்னந்தோப்பும்.

12 பேருக்கே இடமுள்ள பெட்டி இந்தக் கூட்டத்தைத் தாங்குமா? மலப்புரத்துக் கோபுரங்களில் ஏறியது கார்டெக்ட் அல்ல. பேச்சை மறந்துவிட்டு, பிறவியிலேயே இணையத் தரவுக்காக ஐ.பி. முறையில் கட்டிய வேறொரு கம்பியில்லா வலையமைப்பு.

(அடுத்த வாரம்: தென்னந்தோப்புக்குள் நுழைந்த அலை)