பத்தி சாப்: கப்பல் கரன்டைக் காத்தவர்கள்

வடபழனி நூறடி ரோட்டுலேர்ந்து பேசறேன், ஹாரன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. இந்த எபிசோடு கப்பல் பத்தி. ஆனா லிஃப்ட்லேர்ந்து ஆரம்பிக்கறேன்.

பழைய அடுக்குமாடியில லிஃப்ட் பட்டனை அழுத்தினா மொட்டைமாடி அறையிலிருந்து ‘டக்’னு ஒரு சத்தம் வரும் இல்லையா, அதுதான் ரிலே. உள்ளே ஒரு கம்பிச் சுருள். கரன்ட் பாய்ந்ததும் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும், தகடு இன்னொரு சர்க்யூட்டை மூடும். அவ்வளவுதான்.

1960, 70-களில் கட்டிய சரக்குக் கப்பல்களும் இந்த ‘டக்’கில்தான் ஓடின. 1961-ல் ஜப்பானின் கின்காசான் மாரு, மாலுமிகள் நிற்கும் மேல்தளத்திலிருந்தே எஞ்சினை இயக்கும் வசதியோடு வந்தது. பிறகு பம்ப், கிரேன், கம்ப்ரஸர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இரும்புப் பெட்டி, அது நிறைய ரிலே.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு எலெக்ட்ரிகல் ஆபீசர் இருப்பார். இந்தியக் கப்பல்காரர்கள் பேச்சில் அவர் ‘பத்தி சாப்’. இந்தியில் பத்தி என்றால் விளக்கு. பேர் பொருத்தம்தான், ஏன்னா அவர் தினமும் பார்ப்பது மூன்று விளக்குகளை.

கப்பலின் 440 வோல்ட் வயரிங்கை பொதுவா இரும்பு உடம்போடு சேர்க்காம தனியா வெச்சிருப்பாங்க. ஒரு வயர் உடம்பைத் தொட்டாலும் மோட்டார் நிற்காது; நடுக்கடலில் ஸ்டியரிங் நிற்கக் கூடாது இல்லையா. ஆனால் வேறொரு ஃபேஸும் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். அதனால்தான் சுவிட்ச்போர்டில் மூன்று எர்த் விளக்குகள். மூன்றும் ஒரே அளவு எரிந்தால் நலம். ஒன்று மங்கி மற்ற இரண்டும் பளிச்சென்றால், மங்கிய ஃபேஸில் லீக். பத்தி சாப் ஒவ்வொரு பிரேக்கரா அணைத்துப் பார்ப்பார். எதை அணைக்கும்போது விளக்குகள் சமமாகுதோ, கோளாறு அந்த லைனில். பிறகு மெகரும் டிராயிங்கும் எடுத்துக்கிட்டு இறங்குவார். பெரும்பாலும் உப்பு ஈரம் ஏறிய மேல்தள விளக்கு மாதிரி ஏதாவது அற்ப விஷயமா இருக்கும்.

ரிலேக்களின் இடத்துக்கு எலெக்ட்ரானிக் கார்டும் பி.எல்.சி.யும் வந்தன. கருகின ரிலே முனையைத் தேய்த்துச் சரிபண்ணலாம். கார்டு போனா மாத்தணும், கம்பெனி அந்த மாடலையே நிறுத்தியிருந்தா தேடி அலையணும். வினோதம் என்னன்னா, வேலை இப்படிச் சிக்கலான காலத்தில்தான் பல கம்பெனிகள் செலவைக் குறைக்க இந்த ஆளையே எடுத்தன. அந்த வேலை மெக்கானிகல் எஞ்சினியர்கள் தலையில் விழுந்தது. 1978-ன் சர்வதேசப் பயிற்சி விதிகளில் இவருக்கென்று தனித் தகுதியே கிடையாது. 2010-ல் மணிலாவில் அதைத் திருத்தித்தான் ‘எலெக்ட்ரோ டெக்னிகல் ஆபீசர்’ என்ற பதவியைச் சேர்த்தார்கள். 2012 ஜனவரி 1 முதல் அமல். அதிலும் தகுதியைத்தான் வரையறுத்தார்களே தவிர, ஒவ்வொரு கப்பலிலும் ஒருத்தர் இருந்தே ஆகணும்னு சொல்லலை. எனக்கு அது அரைக் கிணறுதான்.

2024 மார்ச் 26, அதிகாலை. பால்டிமோரிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய ‘டாலி’ கப்பலில் கரன்ட் போச்சு. ஊழியர்கள் 21 பேரில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கைக்காரர். கரன்ட் வந்து மறுபடியும் போச்சு. கப்பல் பாலத்தில் மோதியது, சாலைப் பணியாளர்கள் 6 பேர் இறந்தார்கள். முதல் தடவை கரன்ட் போனதற்கான காரணத்தை அமெரிக்க விசாரணை அமைப்பு 2025 நவம்பரில் சொன்னது. ஒரு பிரேக்கரின் கன்ட்ரோல் சர்க்யூட்டில் ஒரே ஒரு வயர். அதன் நம்பர் எழுதிய லேபிளைச் சரியாகப் பொருத்தாததால் முனை டெர்மினலுக்குள் முழுசா இறங்கவில்லை. 2015-ல் கட்டிய கப்பல் அது.