நிறுவன ஆராய்ச்சியும் பேராதனையின் பங்கும்: பலெரினா மொழியை முன்வைத்து ஒரு விசாரம்

செய்நிரல் மொழி ஒன்றை ஆக்குவது பெருந்தேசங்களின் பெருநிறுவனங்களுக்கே கைவரும் காரியம் என்று நம்மவரிடையே நெடுநாள் ஊறிப்போயிருந்த அபிப்பிராயத்தை, சஞ்சீவ வீரவரணவும் சகாக்களும் 2005இல் நிறுவிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் இலங்கை ஸ்தாபனம் 2017இல் வெளிப்படுத்திய பலெரினா மொழி பொய்யாக்கிற்று. எனினும், வர்த்தக நிறுவனமொன்றினுள் தோன்றிய அறிவு அந்நிறுவனத்தின் ஆயுளையும் கடந்து நிலைபெற வேண்டுமாயின் அது எங்கே வைத்துப் பேணப்படுதல் வேண்டும் என்ற வினா இன்னும் விடையின்றியே இருக்கின்றது. கண்டியை அடுத்த பேராதனையே அதற்குத் தக்க இடம் என்பது என் துணிபு.

வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளால் ஆக்கப்பட்ட மென்பொருள்களை வலையமைப்பின் வாயிலாக ஒன்றோடொன்று இணைத்தலே இந்நிறுவனத்தின் பிரதான தொழில். அத்தொழிலுக்கு முன்னர் எக்ஸ்எம்எல் வடிவில் எழுதிய அமைப்புக் கோப்புகள் கருவியாயிருந்தன. வேலை சிக்கலாக ஆக, அக்கோப்புகள் ஒரு மொழிக்குரிய வசதிகள் யாதுமின்றி அதன் பாரத்தை மாத்திரம் சுமக்கலாயின. இந்த இடர்ப்பாட்டிலிருந்தே பலெரினா பிறந்தது. தொலைவிலுள்ள இயந்திரத்தை நோக்கிச் செல்லும் அழைப்புக்கு அம்புக்குறி ஒன்றைத் தனியே விதித்து, அதனால் உள்ளூர் அழைப்பினின்று அதனைத் தொகுப்பி பிரித்தறியவும், எழுதிய நிரலையே தொடர்வரிசைப் படமாகப் பொறியியலாளர் காணவும் அது வழிசெய்தது. அப்பாலுள்ள இயந்திரம் பதிலளியாமற் போவது நாளாந்த நிகழ்ச்சியே என்பதை உணர்ந்து, வழுவையும் ஒரு பெறுமானமாகவே கொண்டது.

இவற்றினும் ஆழ்ந்தது அதன் வகைமுறை. எக்ஸ்எம்எல்லின் உருவாக்கத்தில் முன்னின்றவரும் பாங்கொக்கில் வாழ்பவருமான ஜேம்ஸ் கிளார்க், இம்மொழியின் வரையறையில் வகை என்பதைப் பெறுமானங்களின் தொடையாகவே கொண்டார். ஒரு வகை இன்னொன்றின் உள்வகையா என்ற வினா, ஒரு தொடை மற்றதன் தொடைப்பிரிவா என்ற வினாவாக மாறிவிடுகின்றது. நம் பாடசாலை மாணவர் சாதாரண தரத்தில் கற்கும் கணிதமே இது. ஆயின் அதனை ஒரு செய்நிரல் மொழிக்குள் முரணின்றிப் பொருத்துவது எளிதன்று. அவ்வாறு பொருத்தும் வித்தையைப் பாரிஸ் நகரின் கஸ்டாக்னா, ஃபிரிஷ், பென்சாக்கன் ஆகியோர் சிடியூஸ் என்னும் ஆய்வுமொழியில் முன்னரே செய்து காட்டியிருந்தனர். ஆகவே, நிறுவனம் தன் அனுபவத்தால் நோயைக் கண்டறிந்தது. மருந்தின் மூலிகையோ கல்விக்கூடத்தில் விளைந்தது. இவ்வுண்மையை நம் மென்பொருள் வர்த்தகர் போதிய அளவு உணர்ந்திலர் என்றே அஞ்சுகிறேன்.

நிறுவனத்தின் ஆதரவு நிலையானதன்று என்பதற்கு உலக அனுபவமும் சாட்சி. பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் தோன்றிய யுனிக்ஸ், 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்கத்தால் அதன் தாய் நிறுவனம் கணினி வர்த்தகத்தில் இறங்க இயலாதிருந்தமையாலன்றோ சர்வகலாசாலைகளுக்குச் சொற்பக் கட்டணத்தில் சென்றடைந்து, பேர்க்லியில் மறுவாழ்வு பெற்றது! நம் டபிள்யூ.எஸ்.ஓ.2வும் 2024இல் சுவீடனைத் தலைமையிடமாகக் கொண்ட ஈ.க்யூ.டி. முதலீட்டு நிறுவனத்தின் உடைமையாயிற்று. இதில் குறைகூறுவதற்கு ஏதுமில்லை. ஆயினும், உடைமை கைமாறும் பொருளொன்றை மாத்திரம் நம்பி ஒரு தேசத்தின் வித்தை நிற்றலாகாது.

கண்டிச் சீமை இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. கோப்பிச் செடியின் இலையில் துருநோய் காணப்பட்டது 1869இல். ஹாரி மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலாளர் அதனை ஆராய வந்ததோ 1880இல். நோயை உண்டாக்கும் பூஞ்சணத்தின் வாழ்க்கையை அவர் செவ்வனே விளக்கினார். ஆனால் கோப்பித் தோட்டங்களை மீட்கும் காலம் கடந்துவிட்டது. பின்னாளில், லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர் மலைநாடெங்கும் பரவிய காலத்தில், சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிட்ட தோட்டத் துரைமாரே ஏற்றுமதித் தீர்வை ஒன்றுக்கு உடன்பட, 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. நோய் தோட்டத்து எல்லையை அறியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பலெரினாவின் வரையறை ஏடும் தொகுப்பியின் மூலநிரலும் யாவருக்கும் திறந்தே இருக்க, வேறு ஏற்பாடு எதற்கு என்று வினவுவோர் உளர். வரையறை ஏடு விதியைக் கூறும். அவ்விதி ஏன் கொள்ளப்பட்டது, எவ்விதிகள் ஆராய்ந்து தள்ளப்பட்டன என்பவை ஆக்கியோரின் நினைவில் மாத்திரமே தங்கி, அவர்கள் வேலை மாறுந்தோறும் சிதறிப்போகின்றன. 1964 முதல் பேராதனையில் இயங்கும் பொறியியற் பீடத்தில், மென்பொருள் ஏற்றுமதியாளரின் கூட்டுத் தீர்வையால் மொழி ஆராய்ச்சிக்கென ஓர் ஆசனம் நிறுவப்படுமாயின், அந்நினைவுகளை எழுத்தில் ஏற்றுவதும், வகைமுறையின் முரணின்மையை நிரூபணத்தால் நிலைநாட்டுவதும், பாரிஸ் ஆய்வாளர் விட்ட இடத்திலிருந்து மேற்செல்வதும் நம் மாணவருக்குக் கைகூடும். ஒரு நிபந்தனை மாத்திரம் விட்டுக்கொடுக்கலாகாதது: அவ்வாசனத்துக்குரியவரைத் தெரிவுசெய்யும் அதிகாரமும் அவர் கண்டதைத் தடையின்றி வெளியிடும் உரிமையும் சர்வகலாசாலையிடமே இருத்தல் வேண்டும், ஏனெனில், பொருளுதவியோரின் மொழியிலேயே குறை காணவும் அவர் கடமைப்பட்டவர்.