பயிற்சியாளர் ஒப்பந்தம் (கால்பந்து)

பயிற்சியாளரை இடையில் நீக்கினால் எவ்வளவு இழப்பீடு என்பதே இவ்வகை உடன்படிக்கையின் உயிர்நிலை. அமெரிக்கக் கால்பந்தில், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது 7.5 கோடி டாலருக்கு மேல் தர நேர்ந்தது. 2021இல் அவருடைய நீண்ட ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவே.

இந்தியாவில், தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்த இகோர் ஸ்டிமாச் விவகாரம் முக்கியமானது. 2023 ஜூலை 4 அன்று, பெங்களூரு கண்டீரவா அரங்கில் குவைத்தை வீழ்த்தி இந்தியா தெற்காசிய (சாஃப்) கோப்பையை வென்றது. அக்டோபரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவருடைய ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா தோற்றதும், 2024 ஜூன் 17இல் அவரை நீக்கியது. மூன்று மாதச் சம்பளம் தர முன்வந்த கூட்டமைப்பு, இறுதியில் 4 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சிறுவர் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டிய பணம் அது.