அனுமதி என்னும் அதிகாரம்: ஹைதராபாத்தில் பொதுக்கூட்டச் சட்டத்தின் நூறாண்டுகள்

பொதுக்கூட்டம், ஊர்வலம் ஆகியவற்றைப் பற்றிய சட்டங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். கூடுவது மக்களின் உரிமை, தக்க காரணம் இருந்தால் அரசு தடுக்கலாம் என்பது முதல் வகை. கூடுவதே தடைக்குரியது, அரசு விரும்பினால் அனுமதிக்கலாம் என்பது இரண்டாம் வகை. முதல் வகையில் காரணம் காட்ட வேண்டியது அரசு; இரண்டாவதில் குடிமக்கள். இந்தப் பொறுப்பு இடம் மாறும்போது ஒரு சமூகத்தின் அரசியல் எவ்வடிவம் எடுக்கிறது என்பதைக் காண ஹைதராபாத்தின் வரலாறு தெளிவான சான்றாக அமைகிறது.

கிலாபத், ஒத்துழையாமை இயக்கங்கள் பரவிய 1921இல், ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் அரசின் முன் ஒப்புதலின்றி அரசியல் கூட்டங்கள் நடத்தலாகாது என ஃபர்மான் பிறப்பித்தார். 1929இல் வெளியான 53ஆம் எண் சுற்றறிக்கை இக்கட்டுப்பாட்டைப் பொதுக்கூட்டங்கள் அனைத்துக்கும் விரித்தது. உருது வழக்கில் ‘கஷ்தி நிஷான் திர்பன்’ என அறியப்பட்ட இச்சுற்றறிக்கையின் எண், ஹைதராபாத் சமஸ்தானத்தில் அடக்குமுறைக்கு மறுபெயராகவே ஒரு தலைமுறையின் நினைவில் நிலைத்தது.

பிரிட்டிஷ் இந்தியாவும் இத்தகைய கெடுபிடிகளுக்கு விலக்கன்று. 1907ஆம் ஆண்டின் ராஜதுரோகக் கூட்டத் தடுப்புச் சட்டம் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னரே எழுத்து வழி அறிவிப்புத் தர வேண்டும் என்றது. ஆனால் அச்சட்டம் தனியாக அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. விதிவிலக்காகவேனும் அதை அறிவிக்க வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது. சமஸ்தானத்திலோ அந்த விதிவிலக்கே பொது விதியாயிற்று. மேலும், அது சட்டசபை இயற்றிய சட்டமன்று, நிர்வாகச் சுற்றறிக்கை. எனவே அதை எதிர்த்து வாதிடுவதற்கான அரங்கும் மிகக் குறுகியதாகவே இருந்தது.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, அரசியல் எல்லை தாண்டியது. ஹைதராபாத் அரசியல் மாநாடு 1923இல் காக்கிநாடாவிலும், 1926இல் பம்பாயிலும், 1928இல் புனேயிலும், 1931இல் அகோலாவிலும் கூடியது. நான்கும் பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கீழ் இருந்த ஊர்கள். காக்கிநாடா அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஒரு நாட்டின் மக்கள் தம் ஆட்சியைப் பற்றிப் பேசுவதற்கு அந்நிய ஆட்சியின் நிலத்துக்குச் செல்ல நேர்ந்தது.

இரண்டாவது, உள்ளே தங்கிய பொதுவாழ்வு மொழியிலும் நூலகத்திலும் சமூகச் சீர்திருத்தத்திலும் இடம் தேடியது. 1901இல் தோன்றிய ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் இதற்கு முன்னோடி. 1921 நவம்பரில் ஹைதராபாத்தின் விவேகவர்த்தினி அரங்கில், கார்வே தலைமையில் நடந்த சமூகச் சீர்திருத்த மாநாட்டில் தெலுங்கில் பேசிய ஆலம்பள்ளி வெங்கடராம ராவ் ஏளனம் செய்யப்பட்டார். அந்த அவமதிப்பிலிருந்து ஆந்திர ஜன சங்கம் பிறந்தது. அதன் வளர்ச்சியாக 1930இல் ஜோகிப்பேட்டையில் முதல் ஆந்திர மாநாடு சுரவரம் பிரதாப ரெட்டியின் தலைமையில் கூடியது. கல்வி, தீண்டாமை, பெண்கள் நிலை ஆகியவை பற்றியே அங்கு பேச முடிந்தது. ஆயினும் கூட்டத்துக்கு அனுமதி கோருவது என்னும் செயலே அரசியல் பயிற்சியாக மாறியது. சுற்றறிக்கையை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை பின்வந்த மாநாடுகளில் ஒலித்தது.

மராட்டி, கன்னடப் பகுதிகளிலும் 1930களில் இவ்வாறே பரிஷத்துகள் உருவாயின. மூன்று மொழியினரும் ஒரே மேடையில் கூடும் அரசியல் அமைப்புக்கு வழியில்லாதபோது பொதுவெளி மொழிவாரியாகப் பிரிந்து வளர்ந்தது. இதற்குச் சட்டத்தை மட்டுமே காரணமாக்க இயலாது. எனினும் அதன் பங்கு சிறிதன்று. அத்தகைய பொது அமைப்பாக ஹைதராபாத் ஸ்டேட் காங்கிரஸ் 1938இல் உருவாக முனைந்தபோது, முறையாகத் தொடங்கப்படும் முன்பே செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. அக்டோபர் 24 அன்று சத்தியாகிரகம் தொடங்கியது. தடை விலகியது 1946இல்.

அந்தச் சத்தியாகிரகம் நடந்த பசலி ஆண்டு 1348. ஹைதராபாத் நகரக் காவல் சட்டமும் அதே பசலி ஆண்டுக்கு உரியது. தமிழகத்தில் நிலவரிக் கணக்கிலும் ஜமாபந்தியிலும் மட்டுமே பசலியைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்கலாம்: 1948இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பின்னும், 1956இல் மாநிலம் பிரிக்கப்பட்ட பின்னும், 2014இல் தெலங்கானா அமைந்த பின்னும் அச்சட்டம் பசலி ஆண்டோடு நடைமுறையில் தொடர்கிறது. சென்னையில் 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் தொடர்வதும் இத்தகையதே.

சட்டம் பழையதாயினும் அதை அளக்கும் கோல் 1950இல் மாறியது. அரசமைப்பின் 19(1)(ஆ) பிரிவு ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவதை உரிமையாக்கியது. பொது ஒழுங்கின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகளை மட்டும் அனுமதித்தது. 1972இல் ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், தெருக்களில் நடக்கும் கூட்டங்களை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் வழிகாட்டு நெறி ஏதுமின்றி அனுமதியை மறுக்கும் அதிகாரத்தைக் காவல் அதிகாரிக்கு வழங்க முடியாது எனத் தீர்ப்பளித்தது. காரணம் காட்டும் பொறுப்பு கோட்பாட்டளவில் அரசிடம் திரும்பியது.

நடைமுறை அவ்வளவு நேர்க்கோட்டில் செல்லவில்லை. ஹைதராபாத்தில் இந்திரா பூங்கா அருகிலுள்ள தர்ணா சௌக் போராட்டங்களுக்குரிய இடமாக நிலைபெற்றது. 2017இல் அதை நகருக்கு வெளியே மாற்ற அரசு முயன்றபோது எதிர்ப்புகள் எழுந்தன. 2018இல் உயர் நீதிமன்றம் அங்கு கூட இடைக்கால அனுமதி தந்தது. எதிர்ப்புகள் குறிக்கப்பட்ட இடங்களில் நடைபெற வேண்டும் என ஷாகீன் பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியது. 2024 அக்டோபர் இறுதியில் நகரில் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடுவதை ஒரு மாதம் தடுத்துக் காவல் ஆணையர் உத்தரவிட்டபோது, விலக்குப் பெற்ற இடம் இந்திரா பூங்காவின் தர்ணா சௌக்.

ஒரு குறிக்கப்பட்ட இடம் போராடுவோருக்குப் பாதுகாப்பு. அதுவே நகரின் பிற தெருக்கள் அனைத்தையும் இயல்பாகவே தடைக்குரியவையாக்கும் கருவியாகவும் மாறக்கூடும். ஆகவே இன்றைய ஓர் உத்தரவைப் படிக்கும் மாணவர், அதில் தண்டனை எவ்வளவு என்பதைக் காட்டிலும், தடைக்கான காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டியவர் யார் என்பதையே முதலில் தேடிப் பார்க்க வேண்டும். 1929ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைப் பிற சட்டங்களிலிருந்து பிரித்துக் காட்டுவதும் அந்த ஒரு கேள்வியே.